வளரும் பிள்ளை, வளர்க்கும் வீடு

காலை ஆறே முக்காலுக்கு ஜி.எஸ்.டி. சாலையில் எந்த நிறுத்தத்தில் நின்றாலும், செங்கல்பட்டு மாவட்டமே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். மறைமலை நகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம். மஞ்சள் ஸ்கூல் வேன்கள் இன்னொரு பக்கம். வேனுக்குள் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் ஜன்னலில் தலை சாய்த்துப் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள். காலைச் சாப்பாடு? 'ஒரு டம்ளர் பால் குடிச்சான், அதுவே பெரிசு' என்பார் அம்மா. அவருக்கு மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரம். இரவு ஷிப்ட் முடித்த அப்பா வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை கிளம்பிப் போயிருக்கும். மூன்று பேரும் ஒன்றாகத் தட்டு முன்னால் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான். அன்றைக்குப் பிரியாணி.

ஒரு தலைமுறைக்கு முன் இதே கூடுவாஞ்சேரியிலும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் பெற்றோரின் கவலை வேறு மாதிரி இருந்தது. பிள்ளை எளைச்சுப் போயிட்டானே, சத்து மாவு கரைத்துக் கொடுக்கலாமா, டானிக் வாங்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கவலை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி, பதின்மூன்று வயது மகனுக்கு அப்பாவின் பேன்ட் சைஸ் வாங்கும் வீடும் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விளையாட்டுப் பீரியடில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான், போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் ஒளிந்துகொள்கிறான். அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்கிறார். திட்டுகிறார்.

இந்தக் கட்டுரை அந்தத் திட்டைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, திட்டுக்குப் பதிலாக ஒரு வீடு என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றியது.

எண்கள் சொல்வது

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய சுற்றில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. இடையில் ஐந்தாறு ஆண்டுகள்தான். இந்திய சராசரியோ பெண்களுக்கு 24 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதாவது, இன்று பதின்பருவப் பிள்ளையை வளர்க்கும் தாய்மார்களில் பத்துக்கு நான்கு பேர் தாங்களே எடையோடு போராடுகிறவர்கள். பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்துத் தராசில் ஏற்றினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

பதின்பருவத்தினரைப் பற்றி நம் அருகிலேயே நடந்த ஓர் ஆய்வு, 2014-ல் வெளியானது. சென்னை மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்று, நகரின் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையிலான 18,955 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. டாக்டர் வி. மோகன் நிறுவிய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. சர்வதேச அளவுகோலின்படி, தனியார் பள்ளிப் பிள்ளைகளில் 21.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் 3.6 சதவீதம்.

அரசுப் பள்ளிப் பெற்றோர் நன்றாக வளர்க்கிறார்கள், மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. வேனா நடையா, கையில் பத்து ரூபாய் இருக்கிறதா இல்லையா, மாலையில் டியூஷனா தெருவா என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அன்றைக்குச் சென்னைக்குள் இருந்த தனியார் பள்ளி வாழ்க்கை அதற்குப் பிறகு தாம்பரம் தாண்டி, வண்டலூர் தாண்டி, செங்கல்பட்டு வரை வந்துவிட்டது. ஓ.எம்.ஆர். பக்கம் கேளம்பாக்கம், திருப்போரூர் வரை போய்விட்டது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோதே, செங்கல்பட்டு பாதி நகரமாகத்தான் பிறந்தது.

கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

பல வீடுகளில் நடப்பது இது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். மகளின் பின்கழுத்தில் கருப்பாக ஒரு பட்டை படிந்திருக்கிறது. அம்மா முதலில் கையால் தேய்க்கிறார். போகவில்லை. பயத்தமாவு போடுகிறார், எலுமிச்சை மூடி வைத்துத் தேய்க்கிறார், கடைசியில் பீர்க்கங்கூட்டை எடுக்கிறார். தோல் சிவந்து எரிகிறது, கருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. 'ஒழுங்கா குளிக்கிறதே இல்ல. வெளியே போனா என் மானம் போகுது' என்று சலித்துக்கொள்கிறார். பெண் வாயே திறப்பதில்லை. அடுத்த வாரத்திலிருந்து கழுத்தை மூடி துப்பட்டா போட்டுக்கொள்கிறாள்.

அது அழுக்கு அல்ல. தோல் வெல்வெட் மாதிரித் தடித்து, மடிப்புகளில் கருத்துப்போகும் இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர். பிள்ளைகளிடம் பெரும்பாலும் இது இன்சுலின் எதிர்ப்பின் வெளி அடையாளம். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காததால், கணையம் இன்னும் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. கூடுதலான அந்த இன்சுலின் தோலின் செல்களையும் தூண்டிவிடுகிறது. கழுத்தில், அக்குளில், முழங்கை மடிப்பில் கருமை தெரிகிறது. எடை குறைந்தால் இதுவும் மெல்ல மங்கும். எத்தனை கிலோ பயத்தமாவு வாங்கினாலும் போகாது. பின்னாளில் 'பிசிஓடி' என்று கேள்விப்படும் சினைப்பைப் பிரச்னையின் முதல் அறிகுறியாகவும் சில பெண்களிடம் இது வருவதுண்டு. கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணை ஒரு தடவை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பதின்பருவத்தில் எடை ஏறுவது இயற்கை. பெரியவராகும்போது இருக்கப்போகிற எடையில் ஏறக்குறைய பாதி, இந்தச் சில வருடங்களில்தான் சேருகிறது. பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு கூடுவது உடம்பின் திட்டம். பல பையன்கள் பதினொன்று, பன்னிரண்டு வயதில் கொஞ்சம் பூசினாற்போல் ஆகி, பிறகு ஒரே வருடத்தில் நெடுநெடுவென்று வளர்ந்துவிடுவார்கள். அதனால் கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது. வயது, உயரம், எடை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் நம் பிள்ளைகளுக்கென்றே அதைத் திருத்தி வெளியிட்டது. பெரியவர்களின் பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீடு) 23-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் பருமன். மேற்கத்திய அளவுகோலைவிட இது கறாரானது. நம் உடம்புவாகு குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்த்து, சீக்கிரமே சர்க்கரை நோய்க்கு இழுத்துப்போவதுதான் காரணம்.

பேச்சும் தட்டும்

பிள்ளை வளர்ப்பைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் சொன்ன வகைப்பாடு இன்னும் பேசப்படுகிறது. எதற்கும் காரணம் சொல்லாமல் அதட்டும் பெற்றோர், எதைக் கேட்டாலும் விட்டுக்கொடுக்கும் பெற்றோர், எல்லை வகுத்தாலும் பிள்ளையின் பேச்சுக்குக் காது கொடுக்கும் பெற்றோர் என்று மூன்று வகை. கண்டுகொள்ளாத பெற்றோர் என்ற நான்காவது வகை பிறகு சேர்ந்தது. 2006-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 872 அமெரிக்கக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. காது கொடுக்கும் தாயின் பிள்ளையோடு ஒப்பிட்டால், அதட்டும் தாயின் பிள்ளை முதல் வகுப்புக்கு வரும்போது அதிக எடையோடு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. விட்டுக்கொடுக்கும் தாய்க்கும் கண்டுகொள்ளாத தாய்க்கும் இரண்டு மடங்கு.

அதட்டினால் பிள்ளை கட்டுப்படும் என்று நம்புகிற நமக்கு இது இடிக்கும். அங்கே கிடைத்த எண் இங்கேயும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அதட்டல் என்பது அவர்களுக்கு ஒரு மாதிரி, நமக்கு வேறு மாதிரி. ஆனால் அது வேலை செய்யும் விதம் நம் வீட்டிலும் தெரிந்ததுதான். 'தட்டுல ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது' என்று சொல்லிச் சொல்லி, வயிறு நிறைந்ததை உணரும் பழக்கத்தையே ஐந்து வயதில் மழுங்கடித்துவிடுகிறோம். ஆயா ஊட்டினால் இன்னும் ஒரு வாய், அத்தை வீட்டுக்குப் போனால் இன்னும் ஒரு தோசை. 'வேண்டாம்' என்று பிள்ளை சொன்னால் கோபித்துக்கொள்கிறோம். அதே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது வந்ததும், 'எவ்வளவு திங்கிறே பாரு' என்று தட்டைப் பார்க்கிறோம். ஊட்டிய அதே கை தட்டைப் பிடுங்குகிறது. பிள்ளைக்கு எது சரி என்று எப்படித் தெரியும்?

சரி, பிள்ளையிடம் என்னதான் பேசுவது? மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜெரிகா பெர்ஜ் குழு, இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து இதை ஆராய்ந்து, 2013-ல் வெளியிட்டது. சராசரி வயது 14. எடையைப் பற்றி, உடம்பின் அளவைப் பற்றிப் பேசும் வீட்டுப் பிள்ளைகளிடம் பட்டினி டயட், வாந்தியெடுத்தல், அள்ளிச் சாப்பிடுதல் போன்ற கோளாறான பழக்கங்கள் அதிகம் இருந்தன. எடையை விட்டுவிட்டு, எது நல்ல சாப்பாடு என்று மட்டும் பேசிய வீடுகளில் குறைவு. எது எதற்குக் காரணம் என்று ஒரே தடவை எடுத்த கணக்கை வைத்து அறுதியிட முடியாதுதான். ஆனாலும் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் சில ஆண்டுகள் கழித்தும் எடையோடு போராடினார்கள் என்று அதே ஊரில் டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் நடத்திய நீண்ட ஆய்வும் சொல்கிறது.

நம் வீடுகளில் கேலி அன்போடு கலந்து வருவதால் அதைக் கேலி என்றே நாம் எண்ணுவதில்லை. கல்யாண வீட்டில் பார்த்ததும், 'என்னடி இப்படி குண்டாயிட்டே?' என்பதுதான் பெரியம்மாவின் நலம் விசாரிப்பு. 'எங்க குண்டு பூசணி வந்துட்டான்' என்று மாமா தோளில் தட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள், பிள்ளையும் சிரிக்கும். அன்று இரவு அந்தப் பிள்ளை சாப்பிடாமல் படுக்கும், அல்லது எல்லாரும் தூங்கியதும் பிரிட்ஜைத் திறக்கும். பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்பது. 'அக்கா, அவ முன்னாடி உடம்பைப் பத்திப் பேச வேண்டாம்' என்று மெதுவாக, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டும். பெரியம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பரவாயில்லை.

தின்பண்டத்தைப் பூட்டி வைப்பதும் பலன் தருவதில்லை. 1999-ல் ஜெனிபர் ஃபிஷரும் லீயன் பர்ச்சும் சிறு குழந்தைகளிடம் நடத்திய சோதனைகளில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்து எடுக்கவிடாமல் தடுத்த தின்பண்டத்தின் மேல் ஆசை கூடியதைப் பதிவு செய்தார்கள். பரண்மேல் முறுக்கு டின்னை ஏற்றிவைத்த எந்த அம்மாவுக்கும் இது தெரியும். தடுப்பதை வீட்டில் அல்ல, கடையிலேயே தடுக்க வேண்டும். வாங்கிய பிறகு காவல் காப்பதைவிட வாங்காமல் வருவது எளிது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட் வாங்கி எல்லாருமாகப் பிரித்துத் தின்றுவிட்டால் அத்தோடு கதை முடிந்தது.

அப்பாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளை குண்டானால் அம்மாவைக் கேட்பதுதான் நம் வழக்கம். ஆனால் 2012-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, தாய் சரியான எடையில் இருந்தும் தந்தை பருமனாக இருந்த வீடுகளில், பிள்ளைகள் பருமனாகும் வாய்ப்பு கூடுவதைக் கண்டது. இங்கே அப்பாவின் அன்பு பார்சலில் வருகிறது. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பரோட்டா, சிக்கன் ரைஸ், பப்ஸ். வாரம் முழுக்கப் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியாத குற்ற உணர்ச்சி அந்தப் பாலிதீன் பையில் இருக்கிறது. அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குப் பரோட்டா வேண்டாம் என்று அம்மா ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அப்பா நல்லவராகவும் அம்மா கெட்டவராகவும் ஆகிவிடுகிறார்கள். இருவரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே அப்பா சாயங்காலம் அரை மணி நேரம் செங்கல்பட்டின் கொளவாய் ஏரிப் பக்கம் பிள்ளையோடு நடந்தால், அதுவும் அன்புதான் என்று பிள்ளைக்குப் புரியும்.

இதில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது, இஸ்ரேலில் மோரியா கோலன் 1998-ல் வெளியிட்ட ஆய்வு. பருமனான பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒன்றில் பிள்ளைகளுக்கே ஆலோசனை. இன்னொன்றில் பிள்ளைகளைக் கூப்பிடவே இல்லை, பெற்றோருக்கு மட்டும் வகுப்பு. வீட்டில் என்ன வாங்குவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் மட்டும் வந்த குழுவின் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் குறைந்தது. பாதியில் விட்டுப்போனவர்களும் அதில்தான் குறைவு. ஏழு ஆண்டு கழித்து, அந்தப் பிள்ளைகள் பதின்பருவத்தில் இருந்தபோதும் வித்தியாசம் நின்றது. பிள்ளையை 'நோயாளி' ஆக்காமலே வீட்டை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. மகனுக்கு மட்டும் சப்பாத்தி, மற்றவர்களுக்குப் பூரி என்று பரிமாறும் வீட்டில் எந்த டயட்டும் நிற்காது.

மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடும் அண்ணன் ஒல்லியாகவும் தம்பி தடியாகவும் இருப்பது அதனால்தான். ஆகவே பெற்றோர் தங்களைத் தாங்களே நொந்துகொள்ளவும் தேவையில்லை. பழக்கம் அவர்கள் கையில் இருக்கிறது. தராசின் முள் முழுக்க அவர்கள் கையில் இல்லை.

கரையில் ஒரு தாய்

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே போனால், ஒரு மணி நேரத்துக்குள் மாமல்லபுரம். கோவளம், வடநெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு என்று கரை முழுக்க மீனவர் குப்பங்கள். கடற்கரைக் கோயிலுக்கு அருகில் உள்ள குப்பத்தில் வளர்ந்த கமலியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு, ஸ்கேட்போர்டில் சரிவிலிருந்து இறங்கும் அந்தச் சிறுமியின் புகைப்படத்தை அமெரிக்க ஸ்கேட்டர் ஜேமி தாமஸ் எடுத்தார். ஸ்கேட்போர்டு நட்சத்திரம் டோனி ஹாக் பகிர்ந்ததும் அது உலகம் சுற்றியது. சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்ற குறும்படம், 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கமலி இன்று அலைச்சறுக்கில் தேசிய அளவில் பட்டம் வென்ற வீராங்கனை.

அந்தப் படத்தின் மையத்தில் ஸ்கேட்போர்டு இருப்பதுபோலத் தோன்றினாலும், என் மனதில் நின்றவர் அவளுடைய அம்மா சுகந்தி. தனியாளாகப் பிள்ளைகளை வளர்ப்பவர். பெண் பிள்ளை பலகையில் ஏறி ஊர் பார்க்க ஓடினால் அக்கம்பக்கம் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். தனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கட்டும் என்று விட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரை இது. பெண் அலையில் இறங்குகிறாள் என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். கலங்கினாலும் தடுக்காமல் இருப்பது பெரிய காரியம்.

இதை எடையோடு சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அசைந்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைத் தொடாதவர்கள் உலக அளவில் ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் என்று 2019-ல் அதன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த இடைவெளி நம் ஊரில் எந்த நாளில் விழுகிறது என்றே காட்ட முடியும். பெண் வயதுக்கு வந்த அன்று. மஞ்சள் நீராட்டு நடக்கும். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, புட்டு என்று பல நாட்கள் ஊட்டுவார்கள். கர்ப்பப்பைக்கு வலு என்று ஆயா சொல்வார். உளுந்தும் முட்டையும் நல்ல சாப்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஓட்டம் நிற்கிறது. நேற்று வரை தெருவில் நொண்டியடித்த பெண்ணுக்கு, இன்றிலிருந்து 'பெரிய மனுஷி ஆயிட்டே, அடக்கமா இரு'. சாப்பாடு கூடி, ஓட்டம் முழுக்க நின்ற அந்த வருடத்தில்தான் பல பெண்களுக்கு எடை ஏற ஆரம்பிக்கிறது. பிறகு அதே அம்மா, 'இப்படியே போனா எவன் கட்டுவான்?' என்று கேட்கிறார்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள், பல வீடுகளில் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ போய்விடுகிறது. அந்தச் சைக்கிளைப் பெண்ணே மிதித்துப் போகட்டும் என்று ஒரு தந்தை முடிவெடுத்தால், வருடத்துக்கு இருநூறு நாள் உடற்பயிற்சிக்கு அவர் ஏற்பாடு செய்துவிட்டார்.

கோவளத்தில் நடந்ததும் இங்கே சேர வேண்டியது. மீனவரான மூர்த்தி மேகவன், உடைந்த மரப்பலகையில் தானே அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டவர். அருண் வாசு, யோதாம் அகம் ஆகியோரின் துணையோடு 2012-ல் அவர் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகள் கற்றார்கள். குடி கூடாது, புகை கூடாது, பள்ளிக்கூடம் போகாமல் இருக்கக் கூடாது என்பதைக் கட்டாயமாக வைத்தார். வீட்டுக்கு வெளியே இப்படி ஓர் அண்ணனோ மாமாவோ கிடைத்தால் பதின்பருவப் பிள்ளை அவர் சொல்வதைக் கேட்கும். அம்மா சொன்னால் கேட்காததையும் கேட்கும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தபோது, அந்தப் பிள்ளைகளின் கடல் அது என்ற பெருமிதம் கரையில் இருந்தது.

ஆனால் இந்தக் கரையிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. நெத்திலியும் மத்தியும் கண்முன்னே கரையேறும் ஊரில், பிள்ளைகள் கையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். சுற்றுலாப் பயணிக்கு வைத்திருக்கும் கடை, ஊர்ப் பிள்ளைக்கும் அதே கடைதான். மீன் விற்ற காசில் குளிர்பானம் வாங்கிக் கொடுப்பது இங்கே பாசத்தின் அளவாகிவிட்டது. வழக்கமான கோலா கால் லிட்டரில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு நாள் முழுவதுக்கும் அவ்வளவோடு நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே ஏறத்தாழ அதுதான். 'ஹெல்த் டிரிங்க்' என்று நாம் நம்பிக் கரைக்கும் பவுடர்களையும் அந்தப் பெயரில் வைத்து விற்க வேண்டாம் என்று, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் தளங்களுக்குச் சொல்லியது.

இதே மாவட்டத்தில் இருளர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்கே போய் எடைக் குறைப்பு பேசுவது பாவம். 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, நாட்டின் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் வயதுக்கு மெலிந்தவர்கள், 5 சதவீதம் பேர் அதிக எடை என்றது. அரிசி ஆலையிலும் சூளையிலும் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து, ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பிள்ளையின் பசி குறைந்துவிடுவதில்லை. வளர்ச்சி வேகமெடுப்பதே அப்போதுதான். காலையில் வெறும் வயிற்றோடு போய் பதினொரு மணிக்குச் சமோசா தின்னும் பழக்கம், மெலிந்த பிள்ளை, தடித்த பிள்ளை இருவருக்குமே கேடு. பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்த உப்புமாவையும் கிச்சடியையும் நீட்டினால் இரண்டு பக்கமும் பலன் உண்டு.

தேர்வு வருடங்கள்

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பல வீடுகளில் விளையாட்டுக்கு விடுமுறை. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார், பெற்றோரும் நன்றி சொல்கிறார்கள். ஐந்து மணிக்குப் பள்ளி முடிந்து, நேராக டியூஷன். நடுவில் பேக்கரியில் பப்ஸ், கிரீம் பன். எட்டரைக்கு வீடு, சாப்பாடு, மறுபடி புத்தகம், போன், பன்னிரண்டு மணிக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுந்திரு. இந்த வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடி, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் மனம் தேடும். பப்ஸுக்குப் பிள்ளையைத் திட்டுகிறோம். அந்தக் கால அட்டவணையைப் போட்டது யார்?

பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். கேன்டீனில் என்ன விற்கிறார்கள், பி.டி. பீரியட் வாரத்தில் எத்தனை நடக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் நேரம் உண்டா என்று நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் தலைமையாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். தனியாகக் கேட்டால் 'உங்க பையனுக்கு மட்டும் என்ன?' என்பார். அதனால் சேர்ந்தே போங்கள்.

வீட்டில் ஆரம்பிக்க வேண்டியது எது என்று கேட்டால், ராத்திரிச் சாப்பாடு என்பேன். டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, இருக்கிறவர்கள் உட்காருங்கள். ஷிப்டில் இருக்கிறவர் வராவிட்டாலும் சரி, வாரத்தில் நாலு நாள் போதும். ஒரு பொரியல் கூடுதலாக, சாதம் ஒரு கரண்டி குறைவாக, எல்லார் தட்டிலும் ஒரே மாதிரி. பிள்ளை போதும் என்றால் விட்டுவிடுங்கள், இன்னும் கொஞ்சம் என்றால் முகம் சுளிக்காமல் போடுங்கள். அன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எடையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கழுத்துக் கருமையோ, மாதவிடாய் தள்ளிப்போவதோ, மூச்சு வாங்குவதோ, குறட்டையோ இருந்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு பார்த்துவிடுங்கள். யூடியூபில் பார்த்த டயட்டைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். வளரும் எலும்புக்கும் தசைக்கும் அது ஆபத்து. மருத்துவர் முன்னால் உட்காரும்போது, 'இவன் சொன்ன பேச்சே கேக்கறதில்ல டாக்டர்' என்று ஆரம்பிக்காமல், பிள்ளையை முதலில் பேச விடுங்கள்.